திரவப் படிகமும் ஒரு பெங்களூர் ஆய்வுக்கூடமும்

சந்திரசேகர் என்று பெயரைச் சொன்னதும் நம் சங்கத்து அன்பர்கள், "நட்சத்திரத்துக்கு நோபல் வாங்கினாரே, அவர்தானே?" என்பார்கள். அவர் சர் சி.வி. இராமனின் அண்ணன் மகன். நான் சொல்ல வந்தவர் இராமனின் சகோதரி மகன், சிவராமகிருஷ்ண சந்திரசேகர். 1930-ல் கல்கத்தாவில் பிறந்து, நாகபுரியில் படித்து, மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையின் தலைவராக இருந்து, கடைசியில் பெங்களூரில் நிலைத்தவர். நம்மில் பலருடைய குடும்பக் கதையும் ஏறக்குறைய இதே ரயில் பாதைதான்.

முதலில் பொருளைப் பார்ப்போம். 1888-ல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ரைனிட்ஸர், கொலஸ்டிரால் சேர்ந்த ஒரு பொருளைச் சூடாக்கினார். 145 டிகிரியில் உருகியது, ஆனால் கலங்கலாகவே நின்றது. 178 டிகிரிக்கு மேல்தான் தெளிந்தது. நடுவே இருந்தது திரவம் போல் ஓடியது, படிகம் போல் ஒழுங்காகவும் இருந்தது. அதுதான் திரவப் படிகம். லேசான மின்சாரம் பட்டால் போதும், அதன் மூலக்கூறுகள் திரும்பிக்கொள்ளும். அது தானாக ஒளிர்வதில்லை, ஒளிக்குக் கதவு திறந்து மூடுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் கைக்கடிகாரத்துச் சின்ன பேட்டரி வருஷக்கணக்கில் உழைக்கிறது.

1971-ல் சந்திரசேகர் மேக்ரி சர்க்கிள் பக்கத்தில் உள்ள இராமன் ஆய்வுக் கழகத்துக்கு வந்து திரவப் படிக ஆய்வுக்கூடத்தை அமைத்தார். 1973 டிசம்பரில் இதற்கான சர்வதேச மாநாடே பெங்களூரில் நடந்தது.

அதுவரை தெரிந்த திரவப் படிகங்களின் மூலக்கூறுகள் ஏறக்குறைய எல்லாமே குச்சி வடிவம். குச்சியாக இருந்தால்தான் வரிசையில் நிற்கும் என்று கிட்டத்தட்ட தொண்ணூறு ஆண்டுகளாக நம்பியிருந்தார்கள். தட்டையான வட்டுகள் ஏன் வரிசையில் நிற்கக் கூடாது? சந்திரசேகர், பி.கே. சதாசிவா, கே.ஏ. சுரேஷ் மூவரும் பென்சீன் வளையத்தின் ஆறு மூலைகளிலும் நீண்ட வால்களைக் கோத்த பொருள்களை எடுத்து ஆராய்ந்தார்கள். 80 டிகிரிக்குச் சற்று மேலே, ஐந்தாறு டிகிரி இடைவெளியில், அந்த வட்டுகள் அப்பளக் கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தூண் தூணாக நின்றன. எக்ஸ் கதிர்ப் படம் அதை உறுதி செய்தது.

இந்த முடிவை 1977-ல் அவர்கள் வெளியிட்டது பெங்களூரிலிருந்து வரும் 'பிரமாணா' இதழில். வெளிநாட்டு இதழில் வந்தால்தான் மதிப்பு என்று நம்மவர்கள் நினைத்த காலம் அது (இப்போதும் மாறிவிடவில்லை). ஆனாலும் உலகம் தேடி வந்து படித்தது. வட்டு வடிவத் திரவப் படிகம் என்ற ஒரு புதுத் துறையே அதிலிருந்து கிளம்பியது.

பலன் எங்கே போயிற்று? ஆரம்ப காலத் தட்டைத் திரைகளைப் பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறித் தெரியும், நினைவிருக்கும். 1990-களில் ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் வட்டு மூலக்கூறுகள் பூசிய மெல்லிய படலம் செய்து அந்தக் குறையைத் தீர்த்தது. அந்தத் தூண்கள் வழியே மின்னூட்டம் ஓடும் என்பதால் சூரிய மின்கலங்களுக்காகவும் ஆராய்கிறார்கள். மூலக் கருத்து நம்முடையது, தொழிற்சாலை அவர்களுடையது. திரைப் பலகைகளை இன்றும் பெரும்பாலும் இறக்குமதிதான் செய்கிறோம். விஞ்ஞானிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆய்வுக்கூடத்திலிருந்து பட்டறைக்குப் போகிற பாதையைப் போட்டிருக்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

ஓய்வுக்குப் பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. 1991-ல், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் கொடுத்த கட்டடத்தில், ஜாலஹள்ளியில் திரவப் படிக ஆய்வு மையத்தைத் தொடங்கினார். 2004 மார்ச்சில் காலமானார். அவருடன் கட்டுரை எழுதிய சுரேஷ் பிறகு அந்த மையத்தின் இயக்குநராக இருந்தார். இன்று அதற்கு நானோ மற்றும் மென்பொருண்மை அறிவியல் மையம் என்று பெயர். மின்சாரம் கொடுத்தால் தெளிந்து, நிறுத்தினால் பால் போல் மங்குகிற ஜன்னல் கண்ணாடியும் அங்கு நடக்கும் ஆய்வுகளில் ஒன்று.