வைரங்களின் ஒளியும் வராத பட்டமும்

எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டார் வாங்கித் தர இருந்த வைரத்தோடு வேண்டாம், பிரிட்டானிகா கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்ட பீருமேட்டுச் சிறுமி அன்னா மணி. இந்தக் கதையைப் பெண் குழந்தைகளுக்குச் சொல்லி மகிழ்கிறோம். பின்னாளில் ஒரு பல்கலைக்கழகம் அவரிடம் நடந்துகொண்ட விதத்தைச் சொல்வதில்லை. எனக்கு அந்தக் கதைதான் முக்கியம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் முடித்து, 1940இல் உதவித்தொகை பெற்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே வைரம் அவர் கைக்கு வந்தது, ஆய்வுப் பொருளாக. 30க்கும் மேற்பட்ட கற்களின் ஒளிர்வையும் ஒளி உட்கவர்தலையும் நிறமாலைகளாகப் பதிவு செய்தார். மங்கிய ஒளி படத்தட்டில் பதிய 15 முதல் 20 மணி நேரம் பிடிக்கும்; பல இரவுகள் ஆய்வகத்திலேயே தூக்கம். ஆண் மாணவர்களும் பெண் மாணவர்களும் கலந்து பழகுவதை ராமன் அனுமதிக்கவில்லை. அறிவியலில் பாதி, சக மாணவர்களோடு வாதாடிக் கற்பதுதானே? அந்தப் பாதி பெண்களுக்கு இல்லை. அப்படியும் 1942க்கும் 1945க்கும் இடையில் தன் பெயரில் மட்டுமே ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார்.

கழகத்தில் நடந்த ஆய்வுகளுக்கு அப்போது பட்டம் தந்தது சென்னைப் பல்கலைக்கழகம். 1945 ஆகஸ்டில் அங்கே ஆய்வேட்டை அளித்தார். எம்.எஸ்சி. இல்லை, எனவே பிஎச்.டி. கிடையாது என்றார்கள். அந்த ஆனர்ஸ் பட்டத்தை நம்பித்தான் ஆய்வு உதவித்தொகையே கொடுத்திருந்தார்கள்! இன்று ஃபோட்டானிக்ஸ் மேற்படிப்புக்கு இயற்பியல் படித்தவரும் வரலாம், மின்னணுவியல் படித்தவரும் வரலாம். வைரத்தின் ஒளிர்வு குவாண்டம் உணரிகளில் பயன்படுகிறது. வகுப்பில் அது பாடம்.

பட்டம் இல்லாததால் தனக்குப் பெரிய குறையொன்றும் வந்துவிடவில்லை என்றே அன்னா மணி பின்னாளில் கருதினார். இந்திய வானிலைத் துறையில் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் அமைத்தவர். அவர் அப்படிச் சொல்லலாம். அவருடைய பெருந்தன்மையைப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் வரவு வைக்க நான் தயாரில்லை. அதே ஆய்வகத்தில் ஒளிச்சிதறலை ஆராய்ந்த சுனந்தா பாயும் ஆய்வேட்டை முடித்தவர்தான். அவருக்கும் பட்டம் வரவில்லை. இளம் வயதிலேயே அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அன்னா மணியின் ஆய்வேடு ராமன் ஆராய்ச்சி நிறுவன நூலகத்தில் இருக்கிறது, பட்டம் பெற்றவர்களின் ஆய்வேடுகளோடு.