இல்பர்ட் சட்டமூலமும் பெண் மானமும்

காலனித்துவம் என்றதும் நிலம், வரி, வாணிபம் என்பனவே நம் நினைவுக்கு வருகின்றன. இனமும் பால்நிலையும் அந்த ஆட்சியிலே எவ்வாறு பின்னிக் கிடந்தன என்பதை அறிய, நேயர்களே, 1883 ஆம் ஆண்டின் கல்கத்தாவுக்குச் சற்றே சென்று வருவோம்.

அவ்வாண்டு பெப்ரவரி மாதத்தில், இராசப்பிரதிநிதி றிப்பன் பிரபுவின் சபையிலே சட்ட உறுப்பினராயிருந்த கோட்னி இல்பர்ட் ஒரு சட்டமூலத்தைக் கொண்டுவந்தார். கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய தலைநகரங்களில் ஐரோப்பியர் மீதான குற்ற வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் இந்திய நீதவான்களுக்கு ஏற்கனவே இருந்தது. அந்த அதிகாரத்தை வெளி மாவட்டங்களில் உயர் பதவி வகித்த இந்தியருக்கும் வழங்குவதே இல்பர்ட்டின் நோக்கம்.

திருத்தம் சிறியதுதான். ஆனால் வெள்ளையர் சமூகம் கொதித்தெழுந்தது. முன்னணியில் நின்றவர்களுள் அவுரி, தேயிலைத் தோட்டத் துரைமார் முக்கியமானவர்கள். தொழிலாளியை அடித்து நொறுக்கினாலும் தம் இனத்தவர் முன்னிலையிலேயே விசாரணை நடக்கும் என்ற பாதுகாப்பு அவர்களுக்கு இருந்தது. அது பறிபோகப் போகிறதே என்பதே அச்சம். எனினும் மேடைகளில் ஓங்கி ஒலித்தது வேறொரு வாதம். தம் மனைவியரை அந்தப்புரத்திலே அடைத்து வைத்திருப்பவர்கள் வெள்ளைப் பெண்ணுக்கு நீதி வழங்குவதா என்று கேட்டார்கள். தோட்டத் துரையின் சலுகைக்குப் பெண்ணின் மானம் கேடயமாயிற்று.

ஆண்கள் மட்டுமா அப்படிப் பேசினார்கள்? அனெட் அக்ரொய்ட் என்ற ஆங்கிலப் பெண்மணி, வங்கப் பெண்களுக்குக் கல்வி புகட்டவென்றே 1872 இல் கடல் கடந்து வந்தவர். மறு ஆண்டில் கல்கத்தாவிலே பெண்களுக்கென ஒரு பாடசாலையும் நிறுவினார். அவரே 1883 மார்ச்சில் சட்டமூலத்தை எதிர்த்து 'இங்கிலிஷ்மன்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். தாம் பேசுவது இனச் செருக்கினால் அன்று, பெண்மையின் பெருமிதத்தினால் என்பது அவர் வாதம். அவருடைய கணவர் ஹென்றி பெவரிஜ் ஒரு நீதிபதி. அவரோ சட்டமூலத்தை ஆதரித்தவர்.

அதே 1883 இல்தான் காதம்பினி பாசுவும் சந்திரமுகி பாசுவும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் முதற் பெண் பட்டதாரிகளாயினர். ஒக்ஸ்போர்ட் பெண்களுக்குப் பட்டம் வழங்கியது 1920 இல். கேம்பிரிஜ் முழுமையாக வழங்கியது 1948 இல். பின்னாளிற் கவிஞராகப் புகழ்பெற்ற காமினி சென், பெத்தூன் பாடசாலை மாணவியாயிருந்தபோதே சட்டமூலத்துக்கு ஆதரவாகச் சக மாணவியரைத் திரட்டினார். இந்தியப் பெண் அறியாமையில் மூழ்கியவள் என்று கூறப்பட்ட வேளையில் நிகழ்ந்தவை இவை.

இறுதியில் 1884 ஜனவரியில் சமரசம் ஏற்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்ட ஐரோப்பியர், பாதிப்பேராவது ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ உள்ள ஜூரர் சபையைக் கோரலாம் என்றாயிற்று. சட்டமூலத்தின் உயிர்நாடி அறுந்தது.

இக்கதையைப் பின்காலனித்துவ நோக்கில் மீள வாசித்தவர்களுள் மிருணாளினி சின்ஹா குறிப்பிடத்தக்கவர். ஆண்மை மிக்க ஆங்கிலேயன், ஆண்மையற்ற வங்காளி என்ற படிமங்கள் அரசியற் சண்டையிலே எவ்வாறு வளர்ந்தன என்பதை 1995 இல் வெளிவந்த அவரது நூல் ஆராய்கிறது. நம் நாட்டின் குமாரி ஜயவர்த்தனவும் அதே ஆண்டில், தென்னாசியாவுக்கு வந்த மேலைத்தேயப் பெண்களைப் பற்றி எழுதினார்.

பழியை ஒரு பக்கத்தில் மாத்திரம் சுமத்துவது நேர்மையாகாது. 1891 இல் பெண்ணின் உடலுறவுச் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியபோது, திலகர் உள்ளிட்ட தேசியவாதிகள் பண்பாட்டின் பெயரால் அதை எதிர்த்தனர். அங்கும் பெண்ணே கேடயம். அச்சிறுமியரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. இனத்தை மறந்து பெண்ணையோ, பெண்ணை மறந்து இனத்தையோ படித்தால், கேடயத்தின் பின்னால் நிற்பவர் யார் என்பது தெரியாமலே போய்விடும்.

அனெட் பிற்காலத்திற் பாரசீகம் கற்றார். பாபரின் மகள் குல்பதன் பேகம் எழுதிய 'ஹுமாயூன் நாமா'வை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1902 இல் வெளியிட்டார். அந்தப்புரத்திலே வாழ்ந்த ஒரு பெண் எழுதிய வரலாறு அது.