கேடமரானில் கட்டுமரம் எங்கே?

போன காலாண்டில் நம் வளாகத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது, நினைவிருக்கிறதா? அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பிளாக் பையன் ஒருவன், நண்பர்கள் ஏழு பேரோடு பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளில் ஒரு வாரம் படகு எடுத்துச் சுற்றியிருக்கிறான். நீலக் கடல், வெள்ளைப் படகு, கீழே 'கேடமரான் வாழ்க்கை' என்று ஒரு வரி. ஐந்தே நிமிடத்தில் பதில்கள் குவிந்தன. 'கட்டுமரம் தமிழன் கண்டுபிடிப்பு!' என்றார் ஒருவர். 'ராஜேந்திர சோழன் கடாரம் போனதே இதில்தான்' என்றார் இன்னொருவர். நானும் கைதட்டும் பொம்மை ஒன்றைத் தட்டிவிட்டேன். அப்புறம்தான் மனசு உறுத்தியது.

அந்தப் படத்தை இன்னொரு முறை பாருங்கள். ஒன்றுக்கொன்று இணையாக இரண்டு தனித்தனிப் படகுகள், மேலே அவற்றை இணைக்கும் ஒரு தளம். நம் கட்டுமரம் அப்படியா இருக்கும்? லேசான மரக்கட்டைகள் மூன்று முதல் ஏழு வரை பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டினால் கட்டுமரம். உள்ளே என்று ஒரு இடமே அதில் கிடையாது. அலை மேலே ஏறி, கட்டைகளின் இடுக்கு வழியாக இறங்கிப்போகும். தண்ணீர் நிரம்ப இடமில்லாததால் மூழ்குவதும் இல்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரத்தைக் காய வைப்பார்கள். கரையில் உடையும் பேரலையைத் தாண்டி மீன் பிடித்துத் திரும்ப இதைவிடப் பொருத்தமான கலம் கிடையாது. ஆனால் படையையும் யானையையும் ஏற்றிக்கொண்டு கடாரம் போக முடியாது. அதற்கு 1025-இல் சோழர்களிடம் வேறு பெரிய கப்பல்கள் இருந்தன.

பிறகு பெயர் எப்படிப் போனது? வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி சோழமண்டலக் கரையில் இதைப் பார்த்து, 1697-இல் வெளியான தன் பயண நூலில் 'கேடமரான்' என்று எழுதினார். அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் மசூலா படகு கொண்டுவரும். அதுவும் போக முடியாத கொந்தளிப்பில், கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தை நனையாமல் செருகிக்கொண்டு கப்பலுக்குப் போனவர்கள் கட்டுமரக்காரர்கள். கரையிறங்கிய ஒவ்வொரு வெள்ளைக்காரரும் முதலில் கண்ட சென்னைவாசி அவர்தான் என்றால் பெரிய மிகை இல்லை. அப்படித்தான் அந்தச் சொல் அவர்களுடைய நாக்கில் ஒட்டியது.

ஒட்டிய சொல் அப்புறம் அலைந்தது. மிதக்கிற எந்தத் தெப்பத்துக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். 1804-இல் பிரான்சின் புலோன் துறைமுகத்தில் நெப்போலியனின் கப்பல்களைத் தகர்க்க ஆங்கிலேயர் அனுப்பிய வெடிமருந்துப் பெட்டிகளுக்குக்கூட 'கேடமரான்' என்றே பெயர்!

இரட்டைப் படகுக்கு அந்தப் பெயர் நிலைத்தது அமெரிக்காவில். 1876-இல் நத்தானியேல் ஹெர்ரஷாஃப் என்ற 28 வயது வடிவமைப்பாளர் 'அமாரில்லிஸ்' என்ற இரட்டைப் படகை நியூயார்க் பந்தயத்தில் இறக்கினார். இரண்டு உடல்களும் அலைக்கேற்பத் தனித்தனியே அசையும்படி மூட்டு வைத்திருந்தார். மற்ற எல்லாப் படகுகளையும் தாண்டிப் போய்விட்டது. தோற்றவர்கள் 'இது படகே இல்லை' என்று புகார் கொடுக்க, இந்த வகையையே பந்தயங்களிலிருந்து ஒதுக்கினார்கள். (சங்கப் பொதுக்குழுவுக்கு வருபவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.)

ஆனால் இரட்டைப் படகு ஹெர்ரஷாஃபின் கற்பனையும் அல்ல. பசிபிக் தீவுகளின் பாலினேசியர்கள் பல நூற்றாண்டுகளாக இதில்தான் குடும்பம், கோழி, பன்றி, கிழங்கு விதைகள் சகிதமாகப் புதுத் தீவு தேடிப் போனார்கள். ஹவாய், ஈஸ்டர் தீவு, நியூசிலாந்து எல்லாம் அப்படிக் குடியேறியவை. இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக்கில் அந்தத் தீவினரின் படகு வேகத்தைப் பார்த்து அசந்துபோன வுடி பிரவுன் என்பவர், 1947-இல் நண்பர்களோடு ஹவாயில் 'மனு காய்' என்ற படகைக் கட்டினார். இன்றைய கேடமரான்களின் நேர் மூதாதை அது. ஆக, வடிவம் பாலினேசியருடையது, பெயர் மட்டும் நம்முடையது. கைதட்டலில் பாதிக்கு மேல் அவர்களுக்குப் போயாக வேண்டும்.

வெர்ஜின் தீவுகளுக்கு வருவோம். 1969-இல் சார்லி கேரி, ஜின்னி கேரி என்ற தம்பதி அங்குள்ள டார்டோலாவில் ஆறு பாய்மரப் படகுகளை வைத்து 'தி மூரிங்ஸ்' என்ற வாடகைத் தொழிலைத் தொடங்கினார்கள். எல்லாம் ஒற்றை உடல் படகுகள். ஒரு தீவிலிருந்து அடுத்த தீவு கண்ணுக்குத் தெரியும், காற்று பெரும்பாலும் ஒரே திசையிலிருந்து சீராக வீசும். விடுமுறைக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? கேடமரான்கள் பின்னால் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டன. காரணம் எளிது. ஒற்றைப் படகு காற்றில் சாயும், காபி கொட்டும். அகலமான இரட்டைப் படகு அவ்வளவாகச் சாயாது. அடியில் கனமான ஈயம் தொங்காததால் ஆழம் குறைந்த இடத்திலும், கடற்கரைக்கு அருகிலேயே நங்கூரமிடலாம். நாலு அறை, நாலு ஜோடி, ஆளுக்கொரு கதவு. ஒரு குறை உண்டு: எப்போதாவது தலைகீழாகக் கவிழ்ந்தால் ஒற்றைப் படகைப் போலத் தானாக நிமிராது.

சொல்லின் கதை இன்னும் முடியவில்லை. படகுக்காரர்கள் செல்லமாக இதை 'கேட்' என்கிறார்கள். அதாவது மரம் போய், கட்டு மட்டும் நின்றது. மூன்று உடல் கொண்ட படகுக்கு 'டிரைமரான்' என்று பெயர். அதில் கட்டு போய், மரம் மட்டும் நின்றது!

இதையெல்லாம் அந்தப் பையனுக்கு எழுதினேன். "அங்கிள், ஒரிஜினல் கட்டுமரம் போட்டோ ஒண்ணு அனுப்புங்களேன்" என்று கேட்டான். ஞாயிறு காலை நடையை நம் பக்கத்துக் குப்பம் வழியாக மாற்றிக்கொண்டேன். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்த வகையைச் சேர்ந்த ஃபைபர் படகுகள்தான் வரிசையாக நின்றன, பின்னால் இன்ஜினோடு. கட்டுமரம் எங்கே என்று வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். எழுந்திருக்காமலே தாம் உட்கார்ந்திருந்த கட்டையைத் தட்டிக் காட்டினார். பழைய கட்டுமரத்தின் நடுமரமாம். அதைத்தான் படமெடுத்து அனுப்பினேன்.