மூடப்பட்ட களஞ்சியம்: பயர்பொக்ஸ் நீட்சிகளின் வரலாறு

2004 ஆம் ஆண்டு நவம்பரில் மொசில்லா நிறுவனம் வெளியிட்ட பயர்பொக்ஸ் என்னும் இணைய உலாவி செல்வாக்குப் பெற்றமைக்கு அதன் நீட்சிகள் முக்கிய காரணமாகும். தன்னார்வலர் பலர் இயற்றிய இச்சிறு நிரல்களை மொசில்லாவின் களஞ்சியத்திற் பெற்று, எவரும் தம் உலாவியுடன் இணைத்துக்கொள்ளலாம்.

இவை உலாவியின் உள்ளமைப்பையே மாற்றவல்லனவாயிருந்தன. அவற்றின் ஆற்றலும் குறையும் அதுவே. உள்ளமைப்பிற் செய்யப்பட்ட சிறு மாற்றமும் பல நீட்சிகளை முடக்கிற்று. உலாவியின் பணிகளைத் தனித்தனிச் செயன்முறைகளாகப் பிரித்து விரைவும் பாதுகாப்பும் பெறும் முயற்சிக்கும் அவை தடையாயின. ஆதலின், குறோம் உலாவியினதை ஒத்த, வரையறுக்கப்பட்ட புதிய நீட்சிமுறை 2015 இல் அறிவிக்கப்பட்டது. 2017 நவம்பர் 14 இல் வெளிவந்த 57 ஆம் பதிப்பு பழைய நீட்சிகளை ஏற்கவில்லை. அவற்றை ஏற்ற இறுதி நீண்டகால ஆதரவுப் பதிப்பின் ஆதரவு 2018 செப்டெம்பரில் முடிவுற்றது. ஒக்டோபரிற் பழைய நீட்சிகள் களஞ்சியத்தினின்றும் அகற்றப்படலாயின.

இம்முடிவு நியாயமானதே. பாதுகாப்புத் திருத்தம் பெறாத உலாவிக்கெனக் களஞ்சியத்தைத் திறந்துவைத்தல் பயனாளரை ஆபத்தில் நிறுத்துவதாகும். ‘நோஸ்கிரிப்ற்’ போன்றவை புதிய முறைக்கேற்ப மீள எழுதப்பட்டன. உலாவியின் பழைய தோற்றத்தை மீட்டளித்த ‘கிளாசிக் தீம் றெஸ்ரோறர்’ அவ்வாறு மாறவியலாது மறைந்தது.

ஆயின், வரலாற்று மாணவர்க்கு அக்களஞ்சியம் ஓர் ஆவணக்காப்பகமுமாகும். நீட்சிகளுடன் அவற்றின் விளக்கங்களும் பதிப்பு வரலாறும் அங்கிருந்தன. 19,000 இற்கும் மேற்பட்ட நீட்சிகளைத் தன்னார்வலரே திரட்டிக் காத்தனர். வழங்கலை நிறுத்துதல் வேறு. பதிவை இழத்தல் வேறு. முன்னதைத் தீர்மானிப்போர் பின்னதற்கும் பொறுப்பேற்றல் வேண்டும்.