மூளிக் காதும் நீலக் கல்லும்

தமிழில் 'மூளி' என்றொரு சொல் இருக்கிறது. விளிம்பு உடைந்த பானை மூளி. தோடு இல்லாத பெண்ணின் காதும் மூளி. ஆணின் வெறுங்காதுக்கு இப்படி ஒரு பெயர் கிடையாது. கணவனை இழந்தவளிடமிருந்து நகைகளைக் கழற்றிய பிறகு அவளைச் சுட்டவும் இதே சொல்தான். தெருச்சண்டையில் பெண்ணை ஏசவும் இதே சொல்தான். உடைந்த பாத்திரத்துக்கும் தோடில்லாத காதுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில், ஒரு பெண் தோட்டைக் கழற்றுவது சின்ன விஷயமாக இருக்க முடியாது. தோடு அடகுக்குப் போன வீடுகளில்கூடக் காதைச் சும்மா விடமாட்டார்கள். துளை தூர்ந்துபோகாமல் இருக்க விளக்குமாற்று ஈர்க்கையோ வேப்பங்குச்சியையோ ஒடித்துச் செருகிக்கொள்வார்கள். துளைக்காக மட்டும் அல்ல, பார்ப்பவர்களுக்காகவும்தான்.

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் தொழிற்சாலைப் பட்டையில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஒவ்வொரு ஷிப்டுக்கும் வாயிலில் சோதனைக்கு நிற்கிறார்கள். மின்னணுப் பொருள் தயாரிக்கும் இடங்களில் உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது என்பது பொதுவான விதி. அதற்குக் காரணங்களும் உண்டு. வளையம் எந்திரத்தில் சிக்கும். உலோகம் பட்டால் சர்க்யூட் பழுதாகும். பளபளப்பான பரப்பில் கீறல் விழும். விதியை நான் குறை சொல்லவில்லை. அந்த விதி யாரை வெளியே நிறுத்தப் பயன்பட்டது என்பதுதான் கேள்வி.

2024 ஜூன் மாதம் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வை வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐஃபோன் பொருத்தும் வேலைக்குத் திருமணமான பெண்களைத் தவிர்த்துவந்தார்கள் என்பது அதன் சாரம். குடும்பப் பொறுப்பு, பிள்ளைப்பேறு என்று வழக்கமான காரணங்களோடு நகையும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டிருந்தது: மணமான இந்துப் பெண்கள் தாலியும் மெட்டியும் போட்டிருப்பார்கள், அவை உற்பத்திக்கு இடைஞ்சல். நிறுவனம் பாகுபாட்டை மறுத்தது. புதிதாகச் சேர்த்தவர்களில் 25 சதவீதம் பேர் மணமான பெண்கள் என்றும், உலோகம் அணியக் கூடாது என்ற விதி ஆண், பெண், மதம் பார்க்காமல் எல்லோருக்கும் பொது என்றும் சொன்னது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டிக்காட்டித் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது.

அந்தச் செய்தியில் பலர் கவனிக்காமல் கடந்துபோன வரி ஒன்று உண்டு. உற்பத்தி உச்சத்தில் இருக்கும் மாதங்களில் இந்தத் தடை தளர்ந்தது என்பது அது. அப்படியானால் மெட்டியில் மின்சாரம் பாய்வது ஆர்டர் குறைந்த மாதங்களில் மட்டும்தானா?

நகையைக் கழற்றச் சொன்னால் பெண்கள் கழற்றுவார்கள். அறுவைச் சிகிச்சைக்குப் போகும்போது கழற்றுவதில்லையா? 'இவள் கழற்றமாட்டாள், இவள் வீட்டார் விடமாட்டார்கள்' என்று அவளைக் கேட்காமலே முடிவெடுத்ததுதான் இங்கே நடந்தது. வீடு 'கழற்றாதே, அபசகுனம்' என்கிறது. ஆலை 'கழற்றமாட்டாய், அதனால் வராதே' என்கிறது. இரண்டும் அவள் காதையும் கழுத்தையும் கால்விரலையும் பார்த்தே பேசுகின்றன.

கல்லுக்குக் குணம் உண்டு என்ற நம்பிக்கையும் இப்படித்தான் வேலை செய்திருக்கிறது. நவரத்தினங்களில் அதிகம் பயப்படப்பட்டது நீலம். அது சனியின் கல். கொடுத்தால் அள்ளிக் கொடுக்கும், கெடுத்தால் அடியோடு கெடுக்கும் என்பார்கள். வாங்கிய கல்லைத் துணியில் முடிந்து மூன்று இரவு தலையணைக்கடியில் வைத்துக் கனவு எப்படி என்று பார்த்த பிறகே பதிக்கக் கொடுத்த வீடுகள் உண்டு. ஆண் போட்ட நீல மோதிரம் ஒத்துவரவில்லை என்றால் மோதிரம் கழன்றுவிடும், கதை அத்தோடு முடியும். புது மருமகள் நீலத் தோட்டோடு வந்து, அந்த வருடம் வீட்டில் ஒரு சாவோ நட்டமோ நேர்ந்தால், பழி கல்லோடு நிற்பதில்லை. 'இவள் வந்த நேரம்' என்று அவள்மேல் ஏறும். கெம்புக்கும் முத்துக்கும் இந்த ஆபத்து இல்லை. கல்யாண நகைகளில் சிவப்புக் கல்லே நிறைந்திருப்பதற்கு அழகு மட்டும் காரணமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

அதே கல் ஐரோப்பாவில் நேர்மாறான பொருள் கொண்டது. அங்கே நீலம் வானத்தின் நிறம், கற்பின் நிறம். ஆயர்களின் மோதிரத்தில் பதித்தார்கள். 1981-இல் டயானாவின் நிச்சயதார்த்தத்துக்கு இங்கிலாந்து இளவரசர் கொடுத்தது 12 காரட் இலங்கை நீலக்கல் மோதிரம். இங்கே மணப்பெண்ணுக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்டது அங்கே மணப்பெண்ணின் விரலில் ஏறியது. கல் ஒன்றுதான்: அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த படிகம். துளி இரும்பும் துளி டைட்டானியமும் கலந்தால் நீலம், குரோமியம் கலந்தால் மாணிக்கம். மங்கலமும் அமங்கலமும் அதற்குள் இல்லை.

அதன் ஆங்கிலப் பெயரான 'கொரண்டம்' நம்முடைய 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனது. தெளிவாகவும் நிறத்தோடும் கிடைத்தால் காதில் ஏறும். மங்கலாகக் கிடைத்தால் பொடித்து அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்வார்கள். கத்தியையும் அரிவாளையும் அதில்தான் தீட்டினார்கள். கொங்குப் பகுதியில் இந்தத் தொழிலுக்கு ஈராயிரம் ஆண்டு வயது. நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் 1980களில் தொடங்கிய அகழாய்வுகளில் நீலமும் பச்சைக்கல்லும் படிகமும் செய்து முடித்த மணிகளாகவும், பாதி வேலையில் நின்றவையாகவும், உடைந்த கழிவாகவும் கிடைத்தன. அங்கே பட்டறைகள் நடந்திருக்கின்றன என்பதற்கு அந்தக் கழிவுகளே சாட்சி. பதிற்றுப்பத்து பேசும் கொடுமணம் இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அரசனின் பெயர் பாட்டில் நின்றது. மணியைத் துளையிட்ட கை யாருடையது என்று எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

அண்மைக் கால வரலாற்றில் அந்தக் கைகள் தெரிகின்றன. 1902-இல் ஒகுஸ்த் வெர்னுய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், அலுமினிய ஆக்சைடுப் பொடியைத் தீச்சுடரில் உருக்கிச் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை அறிவித்தார். சில ஆண்டுகளில் நீலமும் வந்தது. கொத்துக் கொத்தாகக் கல் கிடைக்கத் தொடங்கியதும் அதற்குப் பட்டை தீட்டும் கைகள் தேவைப்பட்டன. திருச்சியிலும் சுற்றுக் கிராமங்களிலும் அது குடிசைத் தொழிலாகப் பரவியது. சமையலுக்கும் தண்ணீர் எடுப்பதற்கும் நடுவே பெண்கள் சாணையில் குனிந்து உட்கார்ந்தார்கள். கூலி நாளுக்கல்ல, கல்லின் எண்ணிக்கைக்கு. குழந்தைகளும் உட்கார்ந்தார்கள். பேருந்து நிலையக் கடைகளிலும் கவரிங் கடைகளிலும் நம்மில் பலரும் வாங்கிப் போட்ட நீலக் கம்மல்களில் அந்தக் கைகள் பட்டிருக்கும். இலங்கையின் இரத்தினபுரிக் குழிகளிலோ கதை வேறு: கல் எடுக்கும் குழிக்குள் பெண் இறங்குவது ஆகாது என்ற நம்பிக்கை நெடுங்காலம் இருந்தது. கல் அவளுக்குத்தான், ஆனால் கல் இருக்கும் இடத்துக்கு அவள் போகக் கூடாது.

உங்களிடம் பாட்டியின் கையால் செய்த நீலத் தோடு ஏதாவது இருந்தால், அதைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் திறந்திருந்து வெளிச்சம் ஊடுருவினால் ஒரு வகை. தங்கத் தகட்டால் மூடியிருந்தால் வேறு வகை. அதற்குள் அரக்கு இருக்கும், பெரும்பாலும் கல்லுக்கு அடியில் மின்னும் தாளும் இருக்கும். பத்தர் வெளிறிய கல்லுக்கும் ஒளி வரவைத்த உபாயம் அது. மூடிய தோட்டைத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், சுடுநீர் கூடவே கூடாது. ஈரம் உள்ளே போனால் தாள் கறுத்துவிடும். கல் செத்துப்போச்சு என்பார்கள், செத்தது தாள்தான். லேசாக ஈரமான துணியால் துடைத்தால் போதும். திறந்த தோட்டை வெதுவெதுப்பான நீரில் பூந்திக்கொட்டை கரைத்து மெல்லிய பிரஷ்ஷால் பின்புறம் தேய்க்கலாம். தலைக்கு வைக்கும் எண்ணெய் அங்கேதான் படிந்திருக்கும். நீலக்கல்லின் கடினம் பத்துக்கு ஒன்பது. வைரம் அதைக் கீறும், அது தங்கத்தைக் கீறும். அதனால் ஒரே டப்பாவில் எல்லாவற்றையும் போட்டுக் குலுக்காமல் தனித்தனித் துணியில் வையுங்கள். இப்போது மலிவாக விற்கும் நீலக்கற்களில் பலவற்றின் வெடிப்புகளைக் கண்ணாடி இட்டு நிரப்பியிருப்பார்கள். எலுமிச்சைச் சாறு பட்டால்கூட அந்தக் கண்ணாடி அரிக்கும். திருகாணியைத்தான் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். தோடு தொலைவது பெரும்பாலும் மரை தேய்ந்துதான்.

அடகுக் கடையில் இதெல்லாம் எடுபடாது. வாங்கும்போது கல்லுக்குத் தனி விலை, பதிக்கத் தனிக் கூலி. அடகு வைக்கும்போது கல் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும் பணம். நீலம் கொடுக்கும், கெடுக்கும் என்று நூற்றாண்டுகளாகப் பேசிய சமூகம் தராசில் அதற்குப் போடும் மதிப்பு பூஜ்யம். இது தெரிந்த பெண்கள் கல் வைக்காத தோட்டையே வாங்கினார்கள். அவர்களுக்குத் தோடு அலங்காரத்துக்கு முன்னால் சேமிப்பு.

ஏன் காதில் சேமிக்க வேண்டியிருந்தது? வேறு இடம் இல்லை. இன்றைய தொழிற்சாலைப் பட்டை 1997-இல் மாவட்டம் பிரியும்வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்தச் செங்கல்பட்டில்தான் 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடி, பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. நகை மோகத்தைப் பெரியார் கடுமையாகச் சாடியதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். சொத்துத் தீர்மானத்தை அதோடு சேர்த்துப் படிப்பவர்கள் குறைவு. நிலத்தைக் கொடுக்காத வீடு நகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டது என்பதால், ஒன்றைக் கைவிடச் சொல்பவர் மற்றதைக் கேட்டாக வேண்டும். தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தரும் சட்டம் 1989-இல் வந்தது, அறுபது வருடம் கழித்து. அதிலும் 1989 மார்ச் 25-க்கு முன்பே திருமணமானவர்களுக்குப் பங்கு இல்லை. அந்த விலக்கு மத்தியச் சட்டம் திருத்தப்பட்ட 2005 வரை நீடித்தது. திருமணமானவளை வாசலில் நிறுத்தியது ஆலை மட்டுமல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். சிப்காட்டுக்காக இந்தப் பட்டையில் நிலம் கைமாறிய காலத்தில் பட்டாவில் பெயர் இருந்தவர்களுக்கே பணம் போனது. அந்தப் பெயர்களில் பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று ஊகிக்க நமக்கு ஆய்வு தேவையில்லை.

இன்று அந்த நிலத்தில் நிற்கும் கட்டடங்களுக்குள் நீலக்கல் வேறு வடிவத்தில் வருகிறது. நிறமற்றது, அதனால் யாரும் அடையாளம் காண்பதில்லை. 2012-இல் வந்த ஐஃபோன் 5 முதல் கேமராவின் மேல்மூடிக்கு ஆப்பிள் பயன்படுத்துவது செயற்கை சபையர் படிகம். இரும்பும் டைட்டானியமும் இல்லாத அதே குருந்தம். கீறல் விழாது என்பதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். காதில் இருந்த நீலத்தை வாயிலில் கழற்றிய பெண், உள்ளே போய் அதே கல்லைக் கையுறை போட்ட விரல்களால் கையாள்கிறாள். தலையணைக்கடியில் வைத்துச் சோதிக்காமல், சனி பார்க்காமல், ஒரு ஷிப்டில் எத்தனையோ முறை.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. 706.50 கோடி ரூபாயில் சிப்காட் கட்டியது. பாதுகாப்பான படுக்கை தேவைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தப் படுக்கையில் ஒரு குழந்தைக்கு இடம் கிடையாது. இங்கே வேலை செய்யப்போகிறவள் எப்படிப்பட்டவளாக இருப்பாள் என்று கட்டட வரைபடமே எதிர்பார்க்கிறது. அந்த ஆண்டு நவம்பரில், வயது, பாலினம், திருமண நிலை போன்ற நிபந்தனைகளை வேலை விளம்பரங்களிலிருந்து நீக்கும்படி ஃபாக்ஸ்கான் தன் ஆள்சேர்ப்பு முகவர்களுக்குச் சொன்னதாக ராய்ட்டர்ஸ் எழுதியது. விளம்பரத்திலிருந்து நீங்கிய கேள்வி வாயிலிலிருந்தும் நீங்கியதா என்று சொல்ல வேண்டியவர்கள் அங்கே வேலை கேட்டுப் போகும் மணமான பெண்கள்தான். கூடவே இன்னொன்றையும் கேட்கலாம்: ஷிப்ட் முடிந்து வரும்வரை அவள் தோட்டைப் பத்திரமாக வைக்க, அவள் பெயர் எழுதிய, பூட்டும் சாவியும் உள்ள ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதா?