சோர்வு நோயும் இளையோர் புனர்வாழ்வும்: ஒரு வரலாற்று நோக்கு

காய்ச்சலை வெப்பமானி அளந்து கூறும். எலும்பு முறிவை ஊடுகதிர்ப் படம் காட்டிவிடும். ஆனால், எழுந்து நிற்கவும் இயலாதவாறு மாதக்கணக்காகச் சோர்ந்து கிடக்கிறேன் என்று ஒருவர் கூறுமிடத்து, அக்கூற்றை ஐயத்துக்கிடமின்றி நிறுவவோ மறுக்கவோ வல்ல பரிசோதனை எதுவும் வைத்தியர் கையில் இன்றுவரை இல்லை. நோயாளியின் வாய்மொழியே அங்கு முதன்மைச் சான்றாகின்றது. அவ்வாய்மொழிக்கு எத்துணை மதிப்பு அளிக்கப்பட்டது என்பதே, கடந்த ஒன்றரை நூற்றாண்டுக் காலமாக இந்நோயாளர் பெற்ற சிகிச்சையின் தன்மையைப் பெரிதும் நிர்ணயித்து வந்துள்ளது. நோயாளி பதினைந்து வயதுப் பாடசாலை மாணவராயின் பிரச்சினை மேலும் கூர்மையடைகின்றது. வளர்ந்தோரின் சொல்லையே ஐயுறும் சமூகம், சிறுவரின் சொல்லைப் பாடசாலைக்குச் செல்ல விரும்பாதோரின் சாக்குப்போக்கென எளிதில் ஒதுக்கிவிடக் கூடும். நாட்பட்ட சோர்வுக்கும் தொழிற்பாட்டு அறிகுறிகளுக்கும் ஆளான இளையோருக்கெனத் தனியான புனர்வாழ்வுச் சேவைகள் எவ்வாறு தோன்றின என்பதை, மேலைநாடுகளின், சிறப்பாக இங்கிலாந்தின், மருத்துவ வரலாற்றினடியாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இரு நோய்நிலைகளை வேறுபடுத்திக்கொள்ளல் அவசியமாகும். நாட்பட்ட சோர்வு நோய் என்பது ஓய்வெடுப்பதால் தீராத சோர்வு, புத்துணர்ச்சி தராத உறக்கம், சிந்தனைத் தடுமாற்றம் ஆகியவற்றைக் கொண்டது. சிறிதளவு உடல் முயற்சியோ மன முயற்சியோ செய்தபின், சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து நிலைமை மிக மோசமடைதல் இதன் தலையாய இயல்பாகும். தொழிற்பாட்டு அறிகுறிகள் என்பவை வேறு. கை கால் வலுவிழத்தல், நடுக்கம், வலிப்பை ஒத்த தாக்கங்கள் முதலியன தோன்றும். நரம்புத்தொகுதியின் கட்டமைப்பிற் சிதைவு காணப்படாது. அதன் தொழிற்பாடே பிறழ்ந்திருக்கும். ஒரே இளைஞரிடம் இவ்விரண்டும் சேர்ந்து காணப்படுதலும் உண்டு. இவற்றை ஒன்றெனக் கொண்டு மயங்கியமையும், இரண்டையும் நடிப்பென ஐயுற்றமையும் இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தன.

சோர்வை ஒரு தனி நோயாக நவீன மருத்துவத்தில் நிலைநிறுத்தியவர் அமெரிக்க நரம்பியல் வைத்தியரான ஜோர்ஜ் மில்லர் பியர்ட் ஆவர். 1869 ஆம் ஆண்டில் அவர் இதற்கு 'நியூரஸ்தீனியா', அதாவது நரம்புத் தளர்ச்சி, எனப் பெயரிட்டார். மின்கலத்தில் மின்சாரம் குறைவது போல மனிதனின் நரம்புச் சக்தியும் குறைந்துபோகின்றது என்பது அவர் கருத்து. 1881 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நீராவி இயந்திரம், தந்தி, பருவ இதழ்கள், அறிவியல் வளர்ச்சி, பெண்களின் அறிவு முயற்சி ஆகியவற்றை அவர் இதன் காரணங்களாகக் காட்டினார். இப்பட்டியல் நோயை விளக்குவதிலும் பார்க்க, விரைந்து மாறிக்கொண்டிருந்த ஒரு சமூகத்தின் அச்சத்தையே கூடுதலாக விளக்குகின்றது எனலாம்.

பியர்ட் நோய்க்குப் பெயரிட, பிலடெல்பியாவைச் சேர்ந்த சைலஸ் வியர் மிற்செல் அதற்குச் சிகிச்சை வகுத்தார். 1877 இல் வெளியான அவரது நூல் ஓய்வுச் சிகிச்சையைப் பரப்பியது. நோயாளியை, பெரும்பாலும் பெண்ணை, வீட்டாரிடமிருந்து பிரித்து வாரக்கணக்கிற் படுக்கையிற் கிடத்துவர், பாலும் கொழுப்புணவும் மிகுதியாக ஊட்டுவர், உடலைப் பிடித்துவிடுவர், மின்சாரம் பாய்ச்சுவர், வாசிக்கவும் எழுதவும் தடை விதிப்பர். ஆண்களுக்கோ இதற்கு நேர்மாறாக, மேற்குப் பிரதேசங்களுக்குச் சென்று குதிரையேறித் திரியும்படி ஆலோசனை வழங்கப்பட்டது. 1887 இல் இச்சிகிச்சைக்கு உட்பட்ட சார்லட் பேர்க்கின்ஸ் கில்மன் அப்போது இருபத்தாறு வயதினர். குழந்தைப்பேற்றின் பின் மனச்சோர்வுற்றிருந்தவர். வாழ்நாள் முழுவதும் எழுதுகோலைத் தொடலாகாது என அறிவுறுத்தப்பட்ட அவர், சில மாதங்களில் மனச்சிதைவின் எல்லைவரை சென்றதாகப் பின்னர் எழுதினார். 1892 இல் வெளியான 'மஞ்சள் சுவர்த்தாள்' என்னும் அவரது சிறுகதை அவ்வனுபவத்தில் விளைந்ததே. நோயாளியின் சொல்லைக் கேளாத சிகிச்சை, ஓய்வு என்னும் மென்மையான பெயரைத் தாங்கியிருந்தாலும் தீங்காக முடியலாம் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இதே காலத்தில் பாரிஸ் நகரின் சால்பெற்றியேர் வைத்தியசாலையிற் பணியாற்றிய ஜான் மார்ட்டன் சார்க்கோ, 'ஹிஸ்ரீரியா' எனப்பட்ட நோயை நரம்பியலின் ஆய்வுப் பொருளாக்கினார். கண்ணுக்குப் புலப்படாத தொழிற்பாட்டுக் கோளாறு ஒன்று நரம்புத்தொகுதியில் உண்டென அவர் கருதினார். 1885 - 1886 காலப்பகுதியில் அவரிடம் பயின்ற சிக்மண்ட் புரொய்ட், பின்னர் புரோயருடன் இணைந்து 1895 இல் வெளியிட்ட நூலில், அடக்கப்பட்ட உளத்துன்பமே உடற்குறியாக மாறுகின்றது என்ற விளக்கத்தை முன்வைத்தார். இவ்விளக்கம் நோயாளி பேசுவதற்கு வாய்ப்பளித்தது. ஆயினும் பேச்சின் பொருளைத் தீர்மானிக்கும் அதிகாரம் வைத்தியரிடமே தங்கிற்று.

முதலாம் உலகப்போர் இவ்வினாவைப் போர்வீரரின் உடலில் எழுப்பியது. குண்டதிர்ச்சி நோயினால் நடக்கவும் பேசவும் இயலாது திரும்பிய இளைஞர் பல்லாயிரவர். இலண்டன் குயின் ஸ்குவெயர் வைத்தியசாலையில் லூவிஸ் யெலன்ட் மின்னதிர்ச்சியூட்டி அவர்களைப் பேசவும் நடக்கவும் வைக்க முயன்றார். 1918 இல் டெவன் மாவட்டத்தின் சீல் ஹெயின் விவசாயக் கல்லூரிக் கட்டடத்தில் ஆதர் ஹேர்ஸ்ற் நடத்திய இராணுவ வைத்தியசாலையோ வேறொரு வழியையும் காட்டியது. அங்கு நோயாளர், குணமடைவர் என்ற நம்பிக்கை ஊட்டப்பட்டுப் பண்ணை வேலைகளிலும் ஈடுபடுத்தப்பட்டனர். அவரது முறைகளும் வெற்றி பற்றிய உரிமைகோரல்களும் பிற்கால ஆய்வாளரின் ஐயத்துக்கு உள்ளாயின. எனினும், பழகிய வேலைகளினூடாக உடலை மீட்டெடுத்தல் என்னும் புனர்வாழ்வுக் கருத்தின் ஒரு வேரை இங்குக் காணலாம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வரலாறு வைத்தியசாலைகளுக்குள்ளேயே திரும்பியது. 1934 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் பொது வைத்தியசாலையில், இளம்பிள்ளைவாதத்தை ஒத்த நோயொன்று 198 ஊழியரைத் தாக்கியது. 1955 யூலையில் இலண்டன் றோயல் பிறீ வைத்தியசாலையிற் பரவிய நோய் 292 ஊழியரைப் பாதித்தது. வைத்தியசாலை ஒக்ரோபர்வரை மூடப்பட்டது. ஏற்கெனவே அங்குத் தங்கியிருந்த நோயாளருள் 12 பேரே பாதிக்கப்பட்டனர். அங்குப் பணியாற்றிய மெல்வின் ராம்சே இது உடல்சார் நோயென வாழ்நாள் முழுவதும் வாதிட்டார். 1969 இல் உலக சுகாதார நிறுவனம் இதனை நரம்புத்தொகுதி நோய்களின் வரிசையிற் சேர்த்தது. ஆனால், அடுத்த ஆண்டிலேயே மக்எவெடி, பியர்ட் என்னும் இரு உளமருத்துவர் (இவர் முன்னர் குறிப்பிட்ட அமெரிக்கர் அல்லர்) இது கூட்டு ஹிஸ்ரீரியாவே என எழுதினர். நோயாளரை நேரிற் பரிசோதியாது பழைய நோய்க்குறிப்புகளைக் கொண்டே அவர்கள் இம்முடிவுக்கு வந்தனர். பாதிக்கப்பட்டோருட் பெண்கள் மிகுந்திருந்தமையும் அவர்கள் காட்டிய ஆதாரங்களுள் ஒன்று. அவ்வாதாரத்தின் வலுவின்மை இன்று எளிதிற் புலப்படுகின்றது. அன்றோ பல ஆண்டுகளுக்கு நோயாளரின் சொல்லை அது மதிப்பிழக்கச் செய்தது.

இளையோரின் நிலை இவ்வரலாற்றில் நெடுங்காலம் மறைந்தே கிடந்தது. 1988 இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் 'நாட்பட்ட சோர்வு' என்ற பெயருடன் வகுத்த வரைவிலக்கணமும் வளர்ந்தோரை மையமாகக் கொண்டதே. 1997 இல் டௌசெற், கொல்பி ஆகிய இருவரும் பிரித்தானியப் பாடசாலைகளில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவரை உள்ளடக்கிய ஆய்வொன்றை வெளியிட்டனர். நீண்டகாலமாக நோயினாற் பாடசாலைக்கு வராத மாணவரிடையே இந்நோயே தனிப்பெருங் காரணமாகக் காணப்பட்டது. 2002 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரதம மருத்துவ அதிகாரிக்குச் சமர்ப்பிக்கப்பட்ட அறிக்கை இந்நோயை மெய்யான நோயென ஏற்று, சிறுவர் பற்றித் தனி அத்தியாயமும் வகுத்தது. தொடர்ந்து விசேட சேவைகளை நிறுவ 85 இலட்சம் பவுண் ஒதுக்கப்பட்டது. 1738 இல் நிறுவப்பட்ட பாத் நகரின் பழைய கனிமநீர் வைத்தியசாலையிலும் இளையோருக்கான இத்தகைய சேவையொன்று இடம்பெற்றது. ஊற்றுநீராடி உடல் தேற வந்தோரின் வைத்தியசாலை, இரண்டரை நூற்றாண்டுகளின் பின் சோர்வுற்ற மாணவரின் புகலிடமாகியது.

இத்தகைய சேவையிற் சிறுவர்நல வைத்தியர், இயன்மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர், உளவியலாளர் ஆகியோர் ஒரு குழுவாக இயங்குவர். உறக்கத்தை ஒழுங்குபடுத்தல், நாளின் சக்தியைப் பகிர்ந்து செலவிடப் பழக்கல், பாடசாலையுடன் பேசிக் குறைந்த பாடவேளைகளுடன் கல்வியைத் தொடரச் செய்தல், பெற்றோருக்கு விளக்கமளித்தல் என்பன அதன் பணிகள். ஆயினும் எச்சிகிச்சையை மையமாகக் கொள்வது என்பதில் பெரும் பிணக்கு எழுந்தது. 2007 இல் வெளியான இங்கிலாந்தின் வழிகாட்டி, அறிகை நடத்தைச் சிகிச்சையையும் படிமுறை உடற்பயிற்சியையும் பரிந்துரைத்தது. 641 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2011 இல் வெளியான 'பேஸ்' ஆய்வு இவற்றை ஆதரித்தது. ஆனால் அவ்வாய்வில் 'குணமடைதல்' என்பதன் அளவுகோல் இடையிலே தளர்த்தப்பட்டிருந்தது. உடற்தொழிற்பாட்டுப் புள்ளி 65 அல்லது அதற்குக் குறைவாயின் ஒருவர் நோயாளியாகச் சேர்க்கப்பட்டார். 60 பெற்றாலே அவ்வளவீட்டிற் குணமடைந்தவராகவும் கொள்ளப்படலாயிற்று. 2016 இல் நடுவர் மன்றமொன்றின் தீர்ப்பினால் ஆய்வுத் தரவுகள் வெளிப்பட்டன. அத்தரவுகளுக்காக முறையிட்டுப் போராடியவர் ஒரு நோயாளியே என்பது குறிப்பிடத்தக்கது. ஒல்லாந்தில் 12 முதல் 18 வயதுவரையான 135 இளையோரிடம் இணையவழி அறிகை நடத்தைச் சிகிச்சையைப் பரிசோதித்து 2012 இல் வெளியான ஆய்வில், ஆறு மாதங்களின் பின் 63 சதவீதத்தினர் குணமடைந்தனர். வழமையான கவனிப்பைப் பெற்றோருள் அது 8 சதவீதமே. எனினும் நீண்டகாலத் தொடராய்வில் இரு பிரிவினருக்குமிடையிலான வேறுபாடு பெரிதும் மறைந்துபோயிற்று.

பயிற்சியின் பின் மேலும் நலிவுற்றோம் என நோயாளர் பல ஆண்டுகளாகக் கூறிவந்ததை, 2015 இல் அமெரிக்க மருத்துவ நிறுவனத்தின் அறிக்கை நோயின் அடிப்படை இயல்பாகவே ஏற்றது. 2021 ஒக்ரோபரில் வெளியான இங்கிலாந்தின் புதிய வழிகாட்டி, குறித்த அளவில் ஏற்றிச் செல்லும் உடற்பயிற்சித் திட்டங்களை வழங்கலாகாது என விதித்தது. அறிகை நடத்தைச் சிகிச்சை துணையாகலாம், குணப்படுத்தும் மருந்தாகாது என வரையறுத்தது. சிறுவரிடம் அறிகுறிகள் நான்கு வாரம் நீடித்தாலே இந்நோயை ஐயுறவேண்டும் எனவும், நோயின் அறிகுறிகளைப் பெற்றோரின் துன்புறுத்தல் என்றோ புறக்கணிப்பு என்றோ தவறாகக் கொள்ளும் ஆபத்து உண்டு எனவும் அது எச்சரித்தது.

தொழிற்பாட்டு அறிகுறிகளின் வரலாறும் இதே திசையிற் சென்றது. ஆயினும் அது வேறொரு முடிவை அடைந்தது. 1908 இல் அமெரிக்க வைத்தியர் ஹூவர் விவரித்த பரிசோதனையில், வலுவற்ற காலைத் தானாக அழுத்த இயலாத நோயாளி, மறுகாலை உயர்த்தும்போது அக்காலை அறியாமலே அழுத்துவார். நெடுங்காலம் நடிப்பை அம்பலப்படுத்தும் பொறியாகக் கருதப்பட்ட இக்குறியை, இன்றைய வைத்தியர் நோயாளிக்கே காட்டி, கட்டமைப்பு நன்றாயுள்ளது, மீட்சி சாத்தியம் என விளக்குவர். 2013 இல் அமெரிக்க உளமருத்துவ வகைப்பாடு, உளத்தாக்கம் ஒன்று முன்னிகழ்ந்திருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையைக் கைவிட்டது. கவனத்தைத் திசைதிருப்பி இயல்பான அசைவை மீட்டெடுக்கும் இயன்மருத்துவம் இங்குப் பலருக்கு உதவுகின்றது.

இவ்விடத்திலேதான் வேறுபடுத்தலின் அவசியம் முழுமையாகப் புலனாகின்றது. ஒரு நோயில் அசைவே மருந்தாகலாம். மற்றதில் அளவு மீறிய அசைவு மாதக்கணக்கிற் படுக்கையில் வீழ்த்தலாம். ஓய்வா உழைப்பா எனக் கொள்கையளவிற் பக்கம் சார்ந்தோர், மிற்செல் காலந்தொட்டு, தம்முன் இருந்தவரைக் கேட்க மறந்தனர். 2020 முதல் கொரோனா நோயின் பின் நீடித்த சோர்வுக்குள்ளானோரிடையே இளையோரும் இருத்தலால், இது முடிந்துபோன வரலாறன்று. பதினைந்து வயது மாணவியொருத்தி இழக்கும் இரண்டு ஆண்டுகள், பரீட்சைகளும் நட்புகளும் அடங்கிய ஆண்டுகள். அவை திரும்பி வருவனவல்ல. நேற்று நடந்தபின் இன்று எப்படி இருந்தது என அவளிடம் வினவி, விடையைக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப நாளைய திட்டத்தை மாற்றும் சேவையே உண்மையான புனர்வாழ்வுச் சேவையாகும். அவ்வெளிய வினாவைக் கேட்க மருத்துவ உலகுக்கு ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது எனக் கூறின் அது மிகையாகாது.