கண்ணுக்குத் தெரியாத இரண்டரை டிகிரி

ரேடியோவில் இயங்கும் ஸ்பிட்ஃபயர் மாடல் ஒன்றை ஆறில் ஒரு பங்கு அளவில், பால்சா மரத்தில் கட்டிக்கொண்டிருக்கிறேன். நிஜ விமானத்தின் இறக்கை நீளம் 36 அடி 10 அங்குலம். என்னுடையது ஆறடிக்குக் கொஞ்சம் மேல்.

ஸ்பிட்ஃபயர்னா எல்லாருக்கும் ஞாபகம் வருவது அந்த நீள்வட்ட இறக்கைதான். அது அழகுக்காக வைத்ததில்லை. இறக்கை மெல்லிசா இருக்கணும், ஆனா எட்டு துப்பாக்கியும் மடங்கும் சக்கரமும் உள்ளே அடங்கணும். அதற்குக் கிடைத்த விடை அது.

படத்தில் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. உடலோடு சேரும் இடத்தில் இறக்கை 2 டிகிரி மேல்நோக்கி இருக்கும். நுனிக்குப் போகப்போக முறுகி, அரை டிகிரி கீழ்நோக்கும். ஏன்? வேகம் குறையும்போது உட்பகுதிதான் முதலில் தூக்குவிசையை இழக்கும். விமானம் நடுங்கி விமானியை எச்சரிக்கும்; நுனிப்பக்கம் இருக்கும் எய்லரான் அப்போதும் சொன்னபேச்சு கேட்கும். தரையில் ரிமோட்டோடு நிற்பவனுக்கு அந்த நடுக்கம் கையில் தெரியாது. அதனால் மாடலுக்கு இந்த முறுக்கு இன்னும் அவசியம்.

இதற்கு ஒரு விலை உண்டு. வளைவும் முறுக்கும் சேர்ந்தால் எந்த ரிப்பும் பக்கத்து ரிப் மாதிரி இருக்காது. ஒவ்வொன்றாக வெட்டும்போதுதான் எனக்கு அந்தத் தேதிகள் புரிந்தன. முதல் விமானம் பறந்தது 1936 மார்ச் 5. ஜூனில் 310 விமானங்களுக்கு ஆர்டர். படைக்கு வந்ததோ 1938 ஆகஸ்டில். தாமதத்துக்கு இறக்கை ஒரு முக்கியக் காரணம்.

வடிவமைத்த ஆர்.ஜே. மிட்செல் 1937 ஜூனில் புற்றுநோயால் இறந்தார். வயது 42. அதுவரை பறந்திருந்தது அந்த ஒரே விமானம்தான்.